ஒன்றும் நடக்காத நாள்

மூன்று வாரமாய் ஒரு சத்தம்.
அமராத்திலிருந்து பௌஷருக்கு
சாலை தலைகுப்புற இறங்கும் இடத்தில்
பிரேக்கில் கால் வைத்தால்
சில்வர் தட்டை யாரோ ஆணியால் கீறுவது போல.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
நான் செய்த முதல் ரிப்பேர் அதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு ரியால் கேட்டான்.
டிஸ்க்கும் போயிருக்கலாம் மேடம் என்று
என் முகத்தைப் பார்த்து ஒரு தொகை.
அவர் கூட வந்திருந்தால் வேறு தொகை.
அவர் கடலில், எண்ணெய்த் தளத்தில்,
திரும்ப இன்னும் பதினாறு நாள்.

வாதி கபீரில் பேடு மட்டும் ஆறரை ரியால்.
ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனேன்.
ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிய நேரமெல்லாம்
மேசைக்கடியில் இரும்பு காத்திருந்தது.

இரவு பத்து. முப்பத்தெட்டு டிகிரி.
கட்டடத்தின் பின்னால்
சமதளம் என்று நம்பக்கூடிய ஒரே இடம்.
பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து
ஜாக்கி ஏற்றுமுன் நட்டுகளைத் தளர்த்தினேன்,
ஸ்பேனர் மேல் ஏறி நின்று.
இந்த அறுபத்து மூன்று கிலோ
முதன்முறையாக எனக்கு உபயோகப்பட்டது.

சுமையா டார்ச் பிடித்தாள்.
சக்கரத்துக்கும் சுவர்ப்பல்லிக்கும் நடுவே
அலைந்தது அவள் வெளிச்சம்.
உம்மா, இது என்ன?
காலிப்பர்.
கடிக்குமா?
அதுக்கு அது மட்டும்தான் தெரியும்.

கீழ் போல்ட் கழன்றதும்
வாய் போல மேலே திறந்துகொண்டது.
பழைய பேடு கையோடு வந்தது.
மிச்சம் இருந்தது
பிஸ்கட்டுக்கு நடுவே தடவிய கிரீம் அளவு,
ஓர் ஓரத்தில் அதுவும் இல்லை.
நேற்று இதை நம்பித்தான்
மூன்று பிள்ளைகளை மலையிறக்கிப் பள்ளியில் விட்டேன்.
அதில் இரண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைகள்.

அந்தச் சூட்டிலும் கை நடுங்கியது.

பிஸ்டன் உள்ளே போக மறுத்தது.
குப்பை போட வந்த மூன்றாம் மாடி தில்முராத்
நான் செய்யட்டுமா என்றார்.
வேண்டாம், கிளாம்ப் இருந்தால் தாருங்கள்.
தச்சர். மரத்தைப் பிடிக்கும் கிளாம்ப்பைக்
கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.
நின்றிருந்தால் கோபம் வந்திருக்கும்.
போனதும் கொஞ்சம் பயம் வந்தது.

பழைய பேடை முட்டுக் கொடுத்து
கால் திருகு. நிறுத்து. கால் திருகு.
பானெட்டுக்குள் ஏறிவந்த பிரேக் ஆயிலைச்
சிரிஞ்சால் உறிஞ்சினேன்.
அந்த ஒரு வேலையில் மட்டும்
யாரும் எனக்குப் போட்டியில்லை.

ஒரு பக்கம் முடியும்வரை
மறுபக்கத்தைத் தொடவில்லை.
குழம்பினால் எட்டிப் பார்க்க
ஒரு விடைத்தாள் வேண்டுமே.

பன்னிரண்டரை.
சுமையா தூங்கி, டார்ச் மட்டும் விழித்திருந்தது.
சீட்டில் உட்கார்ந்து
பெருமையோடு பெடலில் கால் வைத்தேன்.

தரைவரை போயிற்று.

இல்லாத படியில் கால் வைத்தது போல.
சாவிகூடத் திருகவில்லை இன்னும்;
ஆனாலும் முழு மலையும் உருண்டு முடித்திருந்தேன்.
எந்தப் போல்ட்டை விட்டேன்,
எதைத் தலைகீழாக மாட்டினேன்,
இருபத்தெட்டு ரியால் அவ்வளவு பெரிதா.

பிறகு நினைவு வந்தது:
பிஸ்டன் பின்வாங்கிய தூரத்தை
மிதித்து மிதித்துத்தான் மீட்க வேண்டும்.
ஒன்று. இரண்டு.
ஆறாவது மிதியில் ஏதோ லேசாகப் பதில் சொன்னது.
ஒன்பதாவதில் கால் நின்றது.
பெடலிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

காலை, இறக்கம்.
புது பேடு, மெல்லப் பழக்க வேண்டும்
என்று முதல் கியரிலேயே போனேன்.
பின்னால் வந்தவர்கள் ஹாரனில் திட்டினார்கள்.
முன்னால் ஆடுகள் ஏற்றிய பிக்கப்
திடுமென நின்றது.
மிதித்தேன். நின்றோம்.
ஓர் ஆடு திரும்பி,
எதையோ மென்றபடி என்னைப் பார்த்தது.

இரவு அவர் அழைத்தார். பின்னணியில் மெஷின் இரைச்சல்.
வேறென்ன விசேஷம்?

நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.
அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்,
இன்னிக்கு ஒண்ணும் நடக்கல.